ஐஸ் பெட்டியில் ஒரு கொடி

"முட்டியை மாற்றிவிடலாம், நன்றாக நடப்பீர்கள். தரையில் மட்டும் உட்காரக் கூடாது" என்றார் கிள்ளானில் என் டாக்டர். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இனிமேல்" என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதான் நான் விமானம் ஏறி எண்ணூர் வந்தேன்.

மலேசியாவில், கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் கேன்டீன் நடத்தியவள் நான். மீ என்கிற நூடுல்ஸைப் பிரட்டியும், நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றை மடித்தும் நின்றுகொண்டே கழிந்த வாழ்க்கை. வலது முட்டி தேய்ந்துபோனதில் எனக்கு ஆச்சரியமில்லை, ஆத்திரம்தான். எங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து பூக்கட்டுவோம். ஊர் வம்பு முழுக்க அந்த வட்டத்துக்குள்தான். இரண்டு வருடமாக எனக்கு மட்டும் வட்டத்துக்கு வெளியே ஒரு நாற்காலி. நாற்காலியில் இருப்பவளுக்குப் பூவும் எட்டாது, வம்பும் எட்டாது. எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, "என்னலா, என்ன சொன்னா?" என்று கேட்டுக்கொண்டிருப்பேன். இதையெல்லாம் எக்ஸ்ரே பார்க்கிறவரிடம் எப்படிச் சொல்வது?

எண்ணூரில் எனக்குச் சரோஜா இருக்கிறாள், சித்தப்பா மகள். என் அப்பா துறைமுக வேலைக்கென்று கிள்ளானுக்குக் கப்பலேறிவிட்டார். சித்தப்பா எண்ணூர் நெட்டுக்குப்பத்திலேயே கட்டுமரத்தோடு இருந்துவிட்டார். அதனால் நான் மலேசியாக்காரி ஆனேன், அவள் மீன்காரி ஆனாள். போனில் பேசினாலும் மீன் ஏலத்தில் நிற்கிற குரலில்தான் பேசுவாள். "யக்கா, வண்ணாரப்பேட்டைல ஒரு டாக்டரு கீறாரு. தொப்புள்கொடிலர்ந்து மருந்து எட்த்து முட்டில ஊசி போட்றாராம். ஸ்டெம்செல்லுன்னு போர்டு வெச்சிகீறாங்க. வெட்றதில்ல, தைக்கறதில்ல. நீ கெளம்பி வா!"

அப்போது அது எங்கள் ஊரிலும் பேச்சாகத்தான் இருந்தது. பிள்ளை பெறுகிற ஆஸ்பத்திரிகளில் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைக்கச் சொல்லி அழகான குழந்தைப் படங்கள் தொங்கும். தேய்ந்த மூட்டை அது வளர்த்துவிடுமாம். எனக்கு வேண்டியதும் அதுதானே. கிளம்பினேன்.

நெட்டுக்குப்பம் முகத்துவாரத்தின் ஓரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். கொடியில் காயும் துணியை உதறிவிட்டுத்தான் மடிக்கிறார்கள், அவ்வளவு சாம்பல். கிள்ளானிலும் துறைமுகம் உண்டு, புகை உண்டு. ஆனால் எங்கள் கடலை வேலிக்கு இந்தப்புறம் நின்றுதான் பார்க்க வேண்டும். இங்கே வாசலில் இறங்கினால் படகு, படகுக்கு அடியில் ஒரு நாய், நாய்க்குப் பக்கத்தில் சீட்டாட்டம்.

"வா யக்கா, குந்து" என்றாள் சரோ.

குந்து என்றால் உட்கார். அந்த ஒரு வாரத்தில் அந்தச் சொல்லை எத்தனை வாயில் கேட்டேன்! போகிற வீட்டிலெல்லாம் "குந்துமா", "குந்துங்கோ". உடனே பாய் விரிப்பார்கள். குப்பத்தில் பாதி வீட்டில் நாற்காலியே கிடையாது. நான் பாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சரோவின் மகன் குமார் விஷயம் புரிந்து, டீக்கடைக்கு ஓடி ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்தான். அன்று முதல் நான் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த நாற்காலி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும்.

மதியம் மடவை மீன் குழம்பு. முகத்துவாரத்து மீன், புளி தூக்கலாக, மாங்காய் போட்டது. நான் நாற்காலியில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட, மற்றவர்கள் கீழே உட்கார்ந்து என் முழங்காலோடு பேசிக்கொண்டிருந்தார்கள். சரோ மட்டும் உட்காரவில்லை. நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டே பரிமாறினாள். "நீயும் உட்காரேன்லா" என்றால், "எனக்கு வேலை கீதுக்கா" என்பாள். நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். இத்தனை வருடம் கூடை சுமந்த நடை என்று நினைத்துக்கொண்டேன்.

குமாரின் மனைவி தேவிக்கு நிறைமாதம். சாப்பாடு முடிந்ததும் சரோ அவள் வயிற்றைக் காட்டி, "தோ கீது பாரு, உன் மருந்து" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னடி சொல்ற?"

"நம்ம வூட்லயே கொடி வருது. எவளோ பெத்த புள்ளயோட கொடிய நீ இன்னாத்துக்கு உடம்புல ஏத்திக்கணும்? இது நம்ம ரத்தம். ஒட்னா ஷோக்கா ஒட்டிக்கும். நான் டாக்டராண்ட பேசிக்கிறேன், நீ கம்முனு இரு."

அந்த வீட்டில் பிள்ளை பிறந்தால் நஞ்சையும் கொடியையும் ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி வந்து, அன்றைக்கே வீட்டுப் பின்னால் புதைத்துவிடுவார்கள். விட்டுவிட்டு வருவது பிள்ளைக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை. அந்த வழக்கத்தையே எனக்காக விட்டுக்கொடுக்கப் போகிறார்கள். தேவி வெட்கப்பட்டுச் சிரித்தாள். "எட்த்துக்கோங்க பெரிம்மா. பொறந்தப்பறம் அது புள்ளைக்கு இன்னாத்துக்கு ஆவும்?"

படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதோடு, உண்மையைச் சொல்கிறேன், சொந்த ரத்தம் என்றால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்தானே என்று எனக்கும் தோன்றியது.

மறுநாள் டாக்டரைப் பார்க்கப் போனோம். ரயிலில் போனால் சீக்கிரம் போகலாம், ஆனால் ஸ்டேஷனில் மேம்பாலப் படி ஏறி இறங்க வேண்டும். அதனால் ஷேர் ஆட்டோ. ஐந்து பேர் உட்காருகிற வண்டியில் ஒன்பது பேரை அடுக்கிவிட்டு, "தள்ளிக் குந்துமா, காத்து வர்ட்டும்" என்றான் டிரைவர். காற்று எந்த வழியாக வரும் என்று அவன் சொல்லவில்லை.

எண்ணூர் நெடுஞ்சாலைக்கு வந்ததும் வண்டி நின்றது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எங்கள் ஊரில் நெரிசல் என்றால் எல்லோரும் ஹாரன் அடித்துக்கொண்டு கடிகாரம் பார்ப்போம். இங்கே ஒரு லாரிக்காரர் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் லாரிக்கு அடியில் தூளி கட்டித் தூங்கினார். எங்கள் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

"எப்ப கிளம்பும்?" என்று சோறு வடிக்கிறவரிடம் கேட்டேன்.

"நேத்து காலைல வந்தேம்மா. நைட்டுக்குள்ள ஹார்பர் கேட்டு வந்துரும்னு சொல்றாங்கோ" என்றார், ஏதோ மழை வரும் என்பதுபோல. "சாப்ட்றியாம்மா?"

நாங்கள் ராயபுரம் தாண்டும்போது டாக்டரின் நேரம் முடிந்து வெகு நேரமாகியிருந்தது. போன் செய்தால், நாளைக்கு வாருங்கள் என்றது ஒரு பெண் குரல். சரோவுக்கு வருத்தமே இல்லை. "வந்தது வந்துட்டோம், அத்தோ துன்னுட்டுப் போலாம்" என்று பர்மாவிலிருந்து வந்தவர்கள் போட்டிருக்கும் தள்ளுவண்டிக் கடைக்கு இழுத்துப் போனாள். ஆரஞ்சு நிற நூடுல்ஸை வேகவைத்து ஆறவைத்து, கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய் எல்லாம் விட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். காலமெல்லாம் சட்டியில் மீ பிரட்டியவள் நான். அடுப்பில்லாமல் மீ இவ்வளவு ருசிக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. இரண்டாவது தட்டு கேட்டேன். நின்றுகொண்டே சாப்பிடுகிற கடை என்பதால் முட்டிக்கும் அன்று மரியாதை கெடவில்லை.

மூன்றாம் நாள் விடியும்போதே தேவிக்கு வலி கண்டது. குமார் ராயபுரத்துப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். நாங்கள் பின்னால் போய்ச் சேர்ந்தபோது பெண் குழந்தை பிறந்திருந்தது. பிறந்தவுடன் கண்ணைத் திறந்து எல்லோரையும் முறைத்தது. "அப்டியே எங்கம்மா" என்று சரோ அழுதாள். நானும் அழுதேன். அதற்குள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரியத்தில் இறங்கிவிட்டாள்.

ஆயாவிடம் பேசி நஞ்சையும் கொடியையும் வாங்கினாள். பக்கத்துக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து குமார் ஒரு வெள்ளை தெர்மாகோல் பெட்டி நிறைய நொறுக்கின ஐஸ் கொண்டுவந்தான். ஏற்றுமதி இறால் போகிற பெட்டி. கீழே ஒரு அடுக்கு ஐஸ், மேலே ஒரு அடுக்கு ஐஸ், நடுவில் பிளாஸ்டிக் பையில் அது. ஓரத்தை டேப் போட்டு ஒட்டினாள். "வஞ்சிரமே கெடாது, இது கெட்டுருமா?" என்றாள். அவள் கட்டியதைப் பார்த்தால் எந்தக் கப்பலிலும் ஏற்றியிருப்பார்கள்.

வண்ணாரப்பேட்டைக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் பெட்டி அவள் மடியில். பக்கத்தில் இருந்த பெரியவர் மோப்பம் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா மீனு? வஞ்சரமா, கொடுவாவா?" என்று விசாரித்தார்.

"விக்கறதுக்கு இல்ல நைனா" என்றாள் சரோ. "வூட்டுக்கு."

டாக்டரின் இடம் துணி மொத்த வியாபாரக் கடை ஒன்றின் மேலே, இரண்டாவது மாடியில். லிப்ட் கிடையாது. முட்டி டாக்டர் மாடியில் இருக்கிறார்! ஏறி வந்துவிட்டவர்களுக்குப் பாதி வியாதி இல்லை என்று முடிவு செய்துகொள்வாரோ என்னவோ. நான் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினேன். சரோ பெட்டியைக் கட்டிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, நண்டுபோல ஏறினாள். வழியில் நைட்டி மூட்டைகள். அவற்றின் மேல் இரண்டு தடவை சாய்ந்து மூச்சு வாங்கினோம்.

மேலே வந்ததும் வரவேற்பில் இருந்த பெண் எழுந்து ஓடிவந்து சரோவின் கையைப் பிடித்தாள். "பேஷன்ட் நீங்கதான? பாத்து வாங்கம்மா, இந்தச் சேர்ல உக்காருங்க."

"அய்ய, நான் இல்லம்மா. எனக்கு இன்னா, நான் நல்லாத்தான் கீறேன். பேஷன்ட்டு தோ, எங்க யக்கா."

அந்தப் பெண் எங்கள் இருவரின் கால்களையும் மாறி மாறிப் பார்த்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். சரோவின் இரண்டு முட்டியும் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. என்னுடையதைவிட மோசம். வந்த நாளிலிருந்து அவள் ஏன் உட்காரவில்லை என்று எனக்கு அந்த மாடியில்தான் புரிந்தது. 

டாக்டர் சின்ன வயதுக்காரர், மரியாதையானவர். கிள்ளான் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முட்டியை மடக்கினார், நீட்டினார். அவர் பேச வாயைத் திறக்கும் முன்பே சரோ பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"கொடி நாங்களே எட்டாந்துட்டோம் சார். காலைலதான் பொறந்துச்சி. ஐஸு கரையல."

டேப்பைப் பிரித்து மூடியைத் திறந்தார் டாக்டர். பார்த்தார். மெதுவாக மூடினார். நர்ஸ் அதற்குள் சுவரோரம் போய்விட்டாள்.

"இத யாரும்மா குடுத்தாங்க?"

"என் பேத்தி" என்றாள் சரோ, நிமிர்ந்து.

அவர் சிரிக்கவில்லை. அதற்காக அவரை எனக்குப் பிடித்துப்போனது. இப்படி நேராக எடுத்துப் போட முடியாது, நோய் எதுவும் இல்லை என்று சோதித்து, அதற்கென்ற ஆய்வுக்கூடத்தில் பிரித்து, அணுக்களை வளர்த்து, உறையவைத்துக் குப்பியில் வரும், சொந்தம் அந்நியம் என்பதற்கு அதில் வேலையில்லை என்று பொறுமையாக விளக்கினார். சரோவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்தது.

"சரி டாக்டர், அந்தக் குப்பியையே போடுங்க" என்றேன். "நான் தரையில உட்காருவேனா?"

"சில பேருக்கு வலி குறையுதுன்னு சொல்றாங்க மேடம்."

"நான் கேட்டது அது இல்லையே."

பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "இது இன்னும் ஆராய்ச்சியில இருக்கிற விஷயம். இவ்வளவு தேஞ்ச முட்டி இதனால திரும்ப வளரும்னு என்னால சொல்ல முடியாது."

"அப்போ கீழ போர்டுல இன்னாத்துக்கு அம்மாம் பெரிய எழுத்துல எழ்திகீறே?" என்றாள் சரோ.

அவர் காது சிவந்துவிட்டது.

என் கேன்டீனில் ஒரு வழக்கம் உண்டு. புது சாமான்காரர் சம்பால் என்கிற மிளகாய் விழுது கொண்டுவந்தால், உங்கள் வீட்டில் இதைத்தான் சாப்பிடுகிறீர்களா என்று கேட்பேன். அதையே இவரிடமும் கேட்டேன். "உங்க அம்மாவுக்கு முட்டி வலி உண்டா?"

"உண்டு."

"இந்த ஊசி போட்டீங்களா?"

 "இல்ல மேடம். அம்மாவுக்கு ஆபரேஷன்தான் பண்ணோம். இப்ப தினமும் மார்க்கெட் போய்ட்டு வராங்க."

"தரையில உட்காருறாங்களா?"

"இல்ல."

எனக்கு அழுகை வந்தது. அறுபதை நெருங்கும் பொம்பளை, தரையில் உட்கார முடியாது என்பதற்காக ஒரு மாடி அறையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். ஏமாற்றிவிட்டார் என்று கோபப்படவும் முடியவில்லை. கேட்டதற்கு உண்மையைச் சொன்னவரிடம் என்ன சண்டை போடுவது? கிளம்பும்போது அவர் சரோவின் முட்டியில் கையை வைத்து மடக்கிப் பார்த்தார். கறக்கென்று சத்தம் எனக்கே கேட்டது. "உங்களுக்கும் ஆபரேஷன் தேவைப்படும்மா" என்றார்.

"தேய்ஞ்சாலும் ஓடிகினு கீது சார், உடு" என்று அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

திரும்பும் வண்டியில் அவள் வாயே திறக்கவில்லை. சரோ பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு மணி நேரம்தான். தண்டையார்பேட்டை போனது, திருவொற்றியூர் போனது. ஐஸ் கரைந்து மூலையிலிருந்து சொட்டியது. கடைசியில், "உன்ன வீணா அலைய வுட்டேன்க்கா" என்றாள்.

"உன் முட்டியைப் பற்றி ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ அம்மாந்தூரத்துலர்ந்து வர்ற. கொடி ஒண்ணுதான் கீது. ரெண்டு பேரும் கேட்டா எப்டி?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மீன் வாடையும் ஐஸ் ஈரமும் இருந்த கை. "நான் ஊருக்குப் போய் ஆபரேஷன் பண்ணிக்கிறேன்" என்றேன். அந்த முடிவை எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

"மொதல்ல நீ வெட்டிக்கினு நட. நீ நல்லா நடந்தீனா அப்பால நான் பாக்கறேன்" என்றாள்.

அன்றைக்கே புதைத்தாக வேண்டும். வீட்டுக்குப் பின்னால் பூவரச மரத்துக்குப் பக்கத்தில் குமார் குழி தோண்டினான். நாய் கிளறாத ஆழத்துக்குத் தோண்டினான். அலை மணலுக்கு அந்தப் பக்கம் கேட்டது. சரோ பையைப் பிரித்து, மஞ்சள் தடவி, வேப்பிலை சுற்றி என் கையில் கொடுத்தாள்.

"நீ வெய்யிக்கா. உனக்குன்னு வெச்ச பொருளு."

குழியைப் பார்த்தேன். நின்ற இடத்திலிருந்து கை எட்டாது. போட்டுவிடலாம் என்று குனிந்தேன். "அய்யய்யோ, போடக் கூடாது. வெக்கணும்" என்றாள். குமார் வாங்கி வைத்துவிடலாம் என்றால், ஆம்பிளை கை படக் கூடாதாம். சரோ வைக்கலாம் என்றால், அவளாலும் உட்கார முடியாது. குழிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். எங்கள் இருவரின் நாலு முட்டியில் ஒழுங்காக மடங்குகிறது என் இடது முட்டி ஒன்றுதான்.

முதலில் சிரித்தது யார் என்று நினைவில்லை. சிரித்து முடித்ததும் சரோ என் பக்கம் வந்து தோளைப் பிடித்தாள். நான் அவள் இடுப்பைப் பிடித்தேன். "யம்மா", "பாத்து", "புடி புடி" என்று கத்திக்கொண்டு, ஒருத்தி மேல் ஒருத்தி பாரத்தைப் போட்டு, கடைசியில் மணலில் பொத்தென்று விழுந்து உட்கார்ந்தோம். வலி உச்சிமண்டை வரை போனது. கையை நீட்டிக் குழிக்குள் வைத்தேன். இரண்டு பேருமாக மண்ணைத் தள்ளி மூடினோம்.

"உங்க நைனாவோட கொடியும் இங்கதான் எங்கியோ கீது" என்றாள் சரோ மண்ணைத் தட்டிக்கொண்டே. "சித்தப்பன் மவதானேன்னு நெனைக்காம நீ ஓடியாந்த பாரு, அந்தக் கொடிதான் உன்ன இஸ்துகினு வந்துச்சி, வேற காரணம் எதுவும் இல்ல."

ஊருக்குத் திரும்பி முட்டியை மாற்றிக்கொண்டேன். நன்றாக நடக்கிறேன். பூக்கட்டும் இடத்தில் நாற்காலியை வட்டத்துக்கு நடுவிலேயே இழுத்துப் போட்டுக்கொள்கிறேன், வம்பு இப்போது என்னிடமிருந்துதான் கிளம்புகிறது. சரோவைக் கிள்ளானிலிருந்து தினமும் போனில் திட்டித் திட்டி, அடுத்த மாதம் ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். ஆனால் தரையில் நான் கடைசியாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான், அந்தப் பூவரச மரத்தடியில். அது கடைசி என்று உட்கார்ந்திருக்கும்போதே எனக்குத் தெரியும். மணல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. தரையிலிருந்து பார்த்தால் எல்லாம் பக்கத்தில் இருக்கிறது என்பதை மறந்தே போயிருந்தேன்.

நாங்கள் அப்படி உட்கார்ந்திருக்கையில் குமார் ஓடிப்போய் அந்தச் சிவப்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "பெரிம்மா, புட்சிக்கினு எழுந்துக்கோங்க."

"போடா அப்பால" என்றாள் சரோ. "யக்கா இப்பத்தான் குந்திகீது."